மூச்சுக்கும் விலை பேசும் ஏகபோகம்

2025ம் ஆண்டு ஜூலை 9ம் தேதி ஒரு பெரிய வியாபாரம் பேசி முடிக்கப்பட்டது. வாங்கியது, அமெரிக்காவின் மெர்க் என்னும் ராட்சத மருந்துக் கம்பெனி. நம் நாட்டில் எம்.எஸ்.டி. என்ற பெயரில் வியாபாரம் செய்வதும் இதுவேதான். விற்கப்பட்டது, லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட வெரோனா பார்மா என்னும் சிறு கம்பெனி. விலை ஆயிரம் கோடி டாலர். நம் கணக்கில் ஏறத்தாழ 85 ஆயிரம் கோடி ரூபாய்! அக்டோபர் மாதம் கிரயம் முடிந்து கம்பெனி கைமாறிவிட்டது.

85 ஆயிரம் கோடி ரூபாய் கொடுக்கும்படி அந்தச் சிறு கம்பெனியிடம் என்ன இருந்தது? ஊர் ஊராக ஆலைகள் இருந்தனவா? ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை செய்தார்களா? இல்லை. மார்க்கெட்டில் விற்கும் மருந்து அதனிடம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் 2024ம் ஆண்டின் பிற்பகுதியில்தான் விற்பனைக்கு வந்தது. அந்த ஆண்டின் கடைசிச் சில மாதங்களில் அதை விற்று வந்த வரவு சுமார் 4 கோடியே 20 லட்சம் டாலர். அந்த வரவைப்போல் இருநூறு மடங்குக்கும் மேலாக விலை கொடுத்து மெர்க் அதை வாங்கியிருக்கிறது.

லண்டனில் விற்று அமெரிக்காவில் வாங்கிய இந்தச் சங்கதி நமக்கு எதற்கு என்று மில் தொழிலாளித் தோழர் ஒருவர் கேட்கலாம். விவசாயக் கூலித் தோழரும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மருந்து எந்த நோய்க்கு என்று பாருங்கள். நெஞ்சில் கபம் கட்டி, படி ஏறினால் மூச்சு வாங்கி, நடு இராத்திரியில் எழுந்து உட்கார்ந்து திணற வைக்கிறதே, அந்த நாள்பட்ட மூச்சடைப்பு நோய்க்கு. நம் ஜனங்கள் "இளைப்பு" என்று சொல்லும் கொடுமைக்கு. இந்த வியாபாரத்திற்குப் பின்னால் இன்னொரு மருந்தும் நிற்கிறது. அது புற்றுநோய் மருந்து. இரண்டின் கதையையும் சேர்த்துப் பார்த்தால்தான், மருந்தைப் படைப்பவர் யார், அதன் பலனை அள்ளுபவர் யார் என்பது வெட்டவெளிச்சமாகும்.

யாருடைய நோய்?

மூச்சுக் குழாய்கள் வீங்கிச் சுருங்குகின்றன. சளி அடைக்கிறது. காற்றை வாங்கி விடும் நுண்ணிய பைகள் கிழிந்து சிதைகின்றன. ஒருமுறை சிதைந்த நுரையீரல் திரும்ப வளர்வதில்லை. இதுதான் இந்த நோய். 2021ம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 35 லட்சம் பேர் இதற்குப் பலியானார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்கிறது. எழுபது வயதை எட்டுமுன் இந்நோயால் மாண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 90 பேர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள்.

ஏன் இப்படி? பீடியும் சிகரெட்டும் ஒரு காரணம். ஆனால் அது மட்டுமல்ல. ஜன்னல் இல்லாத குடிசையில் விறகையும் முள்ளையும் ஊதி ஊதிச் சமைக்கும் பெண்ணின் நெஞ்சில் அடையும் புகையும் காரணம். சுரங்கத்தின் கரித்தூள், கல் உடைக்கும் இடத்தின் மாவு, ஆலையின் தூசி எல்லாம் காரணம்.

பஞ்சாலைத் தொழிலாளிக்கு இதை நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. புளோ ரூமிலும் கார்டிங்கிலும் வருடக்கணக்கில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவனுக்கு, விடுமுறை கழித்துத் திங்கட்கிழமை மிஷினுக்கு முன்னால் நின்றதும் நெஞ்சு இறுகும். முதலில் திங்கட்கிழமை மட்டும். பிறகு செவ்வாயும் புதனும். பிறகு வாரம் முழுவதும். கடைசியில் வேலையை விட்ட பிறகும் அது விடுவதில்லை. மருத்துவ நூல்கள் இதற்கு பிஸினோசிஸ் என்று பெயர் வைத்திருக்கின்றன. சட்டமும் இதைத் தொழில் நோய்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முற்றிப்போனால் இதுவும் அந்த மூச்சடைப்பு நோய் போலவே ஆளை முடக்கிவிடுகிறது.

ஆகவே, நெஞ்சு நோய்க்கு ஒரு நல்ல மருந்து வருகிறது என்றால் முதலில் மகிழ வேண்டியவர்கள் உழைக்கும் மக்களே. மகிழ முடிகிறதா என்பதுதான் கேள்வி.

சுரங்கத் தொழிலாளியின் மகன்

இந்த மருந்தின் பெயர் என்சிஃபென்ட்ரின். அமெரிக்காவில் ஓட்டுவேர் என்ற பெயரில் விற்கிறார்கள். இதை உருவாக்கிய விஞ்ஞானிகளில் முதன்மையானவர் டேவிட் ஜாக். ஸ்காட்லாந்து தேசத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் குடும்பத்தில் 1924ல் பிறந்தவர்.

இவருடைய பெயர் நமக்குப் புதிது. ஆனால் இவருடைய உழைப்பு நமக்குப் புதிதல்ல. சர்க்கார் ஆஸ்பத்திரியில் இளைப்புக்காரருக்கு முதலில் கொடுக்கும் மருந்து சால்பியூட்டமால். மருந்துக் கடையில் அஸ்தாலின் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். பிரிட்டனில் டேவிட் ஜாக் தலைமையில் வேலை செய்த விஞ்ஞானிகள் குழு 1960களில் அதைக் கண்டுபிடித்தது. 1969ல் அது விற்பனைக்கு வந்தது. உலகெங்கும் கோடிக்கணக்கானவர்கள் அதனால் மூச்சு விட்டிருக்கிறார்கள்.

1987ல் ஓய்வு பெற்ற பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. மூச்சுக் குழாயைத் தளர்த்தவும் வேண்டும், அதன் வீக்கத்தைக் குறைக்கவும் வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே மருந்து செய்ய முடியாதா என்று தேடினார். அந்தத் தேடலில் பிறந்ததுதான் என்சிஃபென்ட்ரின். லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் கிளைவ் பேஜ் முதலானோர் அதை எடுத்து வளர்த்தார்கள். அதற்காகவே ஏற்பட்ட சிறு கம்பெனிதான் வெரோனா. 2006ல் லண்டன் பங்கு மார்க்கெட்டின் சிறு கம்பெனிகள் பகுதியில் அது இடம் பிடித்தது. 2011ல் டேவிட் ஜாக் காலமானார். தம் மருந்து நோயாளியின் கைக்குப் போய்ச் சேர்ந்ததை அவர் பார்க்கவில்லை.

அந்தச் சிறு கம்பெனியின் வேலையை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். விற்பதற்கு ஒரு மருந்துகூட இல்லாமல் பதினெட்டு ஆண்டுகள் அது ஓடியது. எங்கே இடறினாலும் எல்லாம் பாழ். கடைசிக் கட்டமாக 1,500க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இரண்டு பெரிய பரிசோதனைகள் நடந்தன. சாதாரண நெபுலைசர் மிஷினில் மருந்தை ஊற்றி, அதன் ஆவியை நாளைக்கு இரண்டு வேளை இழுப்பது, இவ்வளவுதான் முறை. வெற்று மருந்து இழுத்தவர்களோடு ஒப்பிட்டால், நோய் திடீரென்று முற்றித் திணறும் சந்தர்ப்பங்கள் ஒரு பரிசோதனையில் நூற்றுக்கு 36ம், மற்றதில் நூற்றுக்கு 43ம் குறைந்தன. 2024 ஜூன் 26ம் தேதி அமெரிக்க சர்க்காரின் மருந்து இலாகா அனுமதி கொடுத்தது. இந்நோய்க்குப் புதிய வழியில் வேலை செய்யும் மூச்சு மருந்து வந்தது இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அப்போதுதான்.

நோயை அடியோடு போக்கும் மருந்து அல்ல இது. ஆனால் நல்ல மருந்து. விஞ்ஞானிகளுக்கும், தங்கள் உடம்பையே பரிசோதனைக்குக் கொடுத்த அந்த நோயாளிகளுக்கும் நம் வணக்கம் உரித்தாகுக.

சரி, விலை என்ன? மாதம் 2,950 டாலர்! வருஷத்திற்கு 35,400 டாலர். நம் கணக்கில் மாதம் இரண்டரை லட்சம் ரூபாய். அமெரிக்காவிலேயே, மருந்துகளின் பலனையும் விலையையும் எடைபோட்டுப் பார்க்கும் நிபுணர் குழு ஒன்று 2024ல் இதை ஆராய்ந்தது. இந்த மருந்து தரும் பலனுக்கு வருஷம் 7,500 முதல் 12,700 டாலர் வரைதான் தகும் என்பது அவர்கள் அபிப்பிராயம். அந்தக் கணக்கின் உச்சத்தை எடுத்துக்கொண்டாலும் விலை ஏறக்குறைய மூன்று மடங்கு.

ஒரே விஞ்ஞானியின் தலைமையில் பிறந்தவை இரண்டு மருந்துகள். ஒன்று நம் கிராமத்து ஆஸ்பத்திரியில் இனாமாகக் கிடைக்கிறது. மற்றது மாதம் இரண்டரை லட்சம். என்ன வித்தியாசம்? தங்கத்தைக் கரைத்தா ஊற்றினார்கள்? இல்லை. முதல் மருந்தின் காப்புரிமை காலாவதியாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் செய்யலாம். இரண்டாவது மருந்துக்குக் காப்புரிமை என்ற வேலி இருக்கிறது. வேறு யாரும் செய்யக்கூடாது. விலையைத் தீர்மானிப்பது மருந்தின் சரக்கு அல்ல, அந்த வேலிதான்.

ஏன் வாங்கினார்கள்?

மெர்க் கம்பெனி அந்த வேலியைத்தான் ஆயிரம் கோடி டாலருக்கு வாங்கியது. இப்போது ஏன் இந்த அவசரம்?

மெர்க்கின் செல்வத்திற்கு ஊற்றுக்கண் கீட்ரூடா என்னும் புற்றுநோய் மருந்து. 2024ல் அந்த ஒரு மருந்தின் விற்பனை மட்டும் 2,950 கோடி டாலர். அந்த ஆண்டு கம்பெனியின் மொத்த வரவு சுமார் 6,420 கோடி டாலர். அதாவது நூறு டாலர் வந்தால் அதில் 46 டாலர் இந்த ஒரே மருந்திலிருந்து! அமெரிக்காவில் ஒரு நோயாளிக்கு ஓராண்டுக்கு இதன் பட்டியல் விலை ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல்.

ஆனால் அதன் முக்கியக் காப்புரிமை 2028ல் முடிகிறது. முடிந்தால் மற்றவர்களும் அதைச் செய்வார்கள், விலை இறங்கும். முதலாளிகளின் பாஷையில் இதற்குப் பெயர் "காப்புரிமைப் பள்ளத்தாக்கு". நோயாளிக்கு அது விடியல். கம்பெனிக்கு அது பாதாளம்! அந்தப் பாதாளத்தைத் தூர்க்கத்தான் புதுப்புது காப்புரிமைகளை விலைக்கு வாங்குகிறார்கள். இளைப்புக்காரரின் மூச்சு அங்கே மண்ணாகக் கொட்டப்படுகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் கோடி டாலரைத் திரும்ப எடுக்க, பட்டியல் விலைப்படி சுமார் 2 லட்சத்து 82 ஆயிரம் நோயாளிகள் முழுதாக ஓராண்டு இந்த மருந்தை வாங்கியாக வேண்டும். வாங்கிய முதலுக்கு மட்டும் இது. இலாபம் தனி. மருந்து செய்யும் செலவு தனி. அந்த ஆயிரம் கோடியும் யாருக்குப் போனது? நோயாளிக்கோ, இன்னொரு ஆராய்ச்சிக் கூடத்திற்கோ அல்ல. வெரோனாவின் பங்குகளை வைத்திருந்தவர்களுக்கு.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜூலை 9ம் தேதி கம்பெனி வாங்க ஆயிரம் கோடி டாலர் இருந்தது. அதே மாதம் 29ம் தேதி, செலவைச் சுருக்க வேண்டும் என்று சொல்லி, தன் ஊழியர்களில் நூற்றுக்கு எட்டுப் பேரை, சுமார் ஆறாயிரம் பேரை, வேலையிலிருந்து நீக்கப்போவதாக மெர்க் அறிவித்தது. காப்புரிமை வாங்கப் பணம் உண்டு. கூலி கொடுக்கப் பணம் இல்லை! ஆட்குறைப்பு நோட்டீஸ் ஒட்டிய மில் கேட்டில் நின்று பழகியவர்களுக்கு இந்த நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

கீட்ரூடாவைப் பெற்றவர்கள் யார்?

இந்தக் கற்பகத் தருவையாவது மெர்க் நட்டு வளர்த்ததா?

நம் இரத்தத்தில் காவற்காரர்களைப் போன்ற அணுக்கள் உண்டு. வேண்டாதது உள்ளே புகுந்தால் அவை தாக்கி அழிக்கும். புற்றுநோய் அந்தக் காவற்காரனின் கையைக் கட்டிப் போடுகிறது. வண்டிக்குப் பிரேக் போடுவதுபோல ஒரு பிரேக்கை அழுத்திவிடுகிறது. அந்தப் பிரேக்கை 1992ல் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானில் கியோட்டோ சர்வகலாசாலையில் தாசுக்கு ஹோஞ்சோ தலைமையில் வேலை செய்த விஞ்ஞானிகள். ஜனங்களின் பணத்தில் நடந்த சர்வகலாசாலை அது. இதற்காக 2018ல் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் ஆலிசனுடன் ஹோஞ்சோ நோபல் பரிசு பெற்றார்.

அந்தப் பிரேக்கைத் தளர்த்தும் மருந்தை ஹாலந்து நாட்டில் ஆஸ் என்ற சிறு நகரத்தில் ஆர்கனான் கம்பெனியின் விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள். 2007ல் ஆர்கனானை ஷெரிங்-பிளவ் என்னும் கம்பெனி விழுங்கியது. 2009ல் ஷெரிங்-பிளவை மெர்க் விழுங்கியது. சின்ன மீனைப் பெரிய மீன் தின்ன, பெரிய மீனைத் திமிங்கலம் தின்றது. அந்த வயிற்றுக்குள் இந்த மருந்தும் போயிற்று.

அப்போது திமிங்கலம் என்ன செய்தது? இது வேண்டாத சரக்கு என்று சொல்லி, வெளியே தள்ளிவிட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது! 2010ல் போட்டிக் கம்பெனி ஒன்றின் இதே இனத்து மருந்து நல்ல பலன் காட்டியது. அதன் பிறகுதான் மெர்க் கண் விழித்து, பட்டியலிலிருந்து இதைத் திரும்ப எடுத்தது. அதே 2010ம் ஆண்டு ஜூலையில், இந்த மருந்து பிறந்த ஆஸ் நகர ஆராய்ச்சிக் கூடத்தை மூடப்போவதாகவும் அறிவித்தது. இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டவர்களின் வேலைக்கு உலை. பிறகு அந்நாட்டு சர்க்காரும் மாகாணமும் நகரசபையும் கைகொடுத்துத்தான் அந்த வளாகத்தில் வேறு சிறு ஆராய்ச்சிக் கூடங்கள் குடியேறின. பெற்ற தாயை வெளியே தள்ளிவிட்டு, பிள்ளையின் சம்பாத்தியத்தை அனுபவிக்கிறார்கள்!

காப்புரிமை யாருக்கு என்பதிலும் சண்டை வந்தது. ஹோஞ்சோவின் கண்டுபிடிப்பின் பேரில் காப்புரிமை வைத்திருந்த ஜப்பான் கம்பெனியும் அதன் அமெரிக்கக் கூட்டாளியும் மெர்க் மீது வழக்குப் போட்டன. 2017ல் மெர்க் 62 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்து, மேற்கொண்டு விற்பனையில் பங்கும் தருவதாகச் சொல்லி ராஜியானது. கூலியாள் விளைவித்த நெல்லைக் களத்திலேயே இரண்டு பண்ணையார்கள் பங்கு போட்டுக்கொண்ட கதைதான்.

கீட்ரூடாவைச் சுற்றி மெர்க் எத்தனை வேலி போட்டிருக்கிறது தெரியுமா? 2021ல் வெளியான ஓர் ஆய்வு 129 காப்புரிமை மனுக்களை எண்ணிக் காட்டியது. 2025 செப்டம்பரில், இரத்தக் குழாயில் ஏற்றும் அதே மருந்தைத் தோலுக்கடியில் ஊசியாகப் போடும் வடிவத்திற்கு அமெரிக்காவில் அனுமதி வாங்கிவிட்டார்கள். ஊசி சௌகரியமானதுதான். ஆனால் 2028 நெருங்கும்போது பழைய மருந்துக்குப் புதுச் சட்டை ஏன் தைக்கிறார்கள் என்பது சிறு குழந்தைக்கும் புரியும்.

அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு 2015ல், 90 வயதைக் கடந்த நிலையில், மூளை வரை பரவிய புற்றுநோய் இருந்தது. மற்ற சிகிச்சைகளோடு இந்த மருந்தும் கொடுத்தார்கள். 2024 டிசம்பரில் நூறு வயதில்தான் அவர் காலமானார். நன்றாக வாழ்ந்தார், சந்தோஷம். ஆனால் கருப்பை வாய்ப் புற்றுநோயால் துடிக்கும் நடவுக்காரப் பெண்ணுக்கு? அந்த நோய் பரவிய நிலையிலும், நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய்களில் சில வகைகளுக்கும் இந்த மருந்து அத்தியாவசியமானது என்று 2025 செப்டம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் தன் பட்டியலில் சேர்த்தது. அத்தியாவசியம் என்று உலகம் சொல்கிறது. லட்சங்களை எண்ணி வை என்று கம்பெனி சொல்கிறது.

இலாபம் இல்லாவிட்டால் மருந்து இல்லையா?

"கொள்ளை இலாபம் இல்லாவிட்டால் யார் ஆராய்ச்சி செய்வார்கள்? மருந்தே வராதே!" என்று முதலாளிகளின் பத்திரிகைகள் கண்ணீர் வடிக்கும். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுகிறது.

மேலே சொன்ன கதையையே திரும்பப் பாருங்கள். கியோட்டோவில் பிரேக்கைக் கண்டுபிடித்தது சர்வகலாசாலை. மூச்சு மருந்தைத் தேடியது ஓய்வுபெற்ற விஞ்ஞானி. ஆபத்தை ஏற்றுப் பதினெட்டு ஆண்டு உழைத்தது சிறு கம்பெனி. இலாபத்தையே மூளையாகக் கொண்ட பெருங்கம்பெனியோ, இந்த யுகத்தின் மிகப் பெரிய புற்றுநோய் மருந்துகளில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே குப்பை என்று எண்ணியது. ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும் என்பது உண்மை. உழைத்த சிறு கம்பெனிக்கும் அதன் விஞ்ஞானிகளுக்கும் நியாயமான பலன் கிடைக்க வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் ஆயிரம் கோடி டாலருக்குக் கைமாறியது ஆராய்ச்சி அல்ல, ஆராய்ச்சி முடிந்துவிட்டது. கைமாறியது, வசூல் செய்யும் உரிமை.

இதே மெர்க்கின் பழைய கதை ஒன்றும் உண்டு. காசநோயைத் தோற்கடித்த முதல் மருந்து ஸ்ட்ரெப்டோமைசின். 1943ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் சர்வகலாசாலையில் ஆல்பர்ட் ஷாட்ஸும் செல்மன் வாக்ஸ்மனும் அதைக் கண்டார்கள். அதன் ஏகபோக உரிமை ஒப்பந்தப்படி மெர்க்கிடம் இருந்தது. இவ்வளவு முக்கியமான மருந்து ஒரே கம்பெனியின் கையில் இருக்கக்கூடாது என்று வாக்ஸ்மன் கேட்டார். 1946ல் மெர்க் அந்த ஏகபோகத்தை விட்டுக்கொடுத்தது. பல கம்பெனிகள் செய்தன, மருந்து பெருகியது. அன்று விட்டதால் மெர்க் அழிந்து போயிற்றா? இல்லையே!

நம் சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1956ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும், சென்னை ராஜ்ய சர்க்காரும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து இங்கே காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கின. சானடோரியத்தில் படுக்க வைத்து வைத்தியம் செய்தாலும், சென்னையின் ஏழைத் தொழிலாளி தன் குடிசையில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் குணம் ஏறக்குறைய ஒன்றே என்று 1959ல் அது நிரூபித்தது. உலகத்தின் காசநோய் வைத்திய முறையே மாறியது. அதற்குக் காப்புரிமை எடுத்தவர் யாரும் இல்லை. அதன் பங்குகளை எந்த மார்க்கெட்டிலும் விற்கவில்லை. பொது நன்மைக்கான விஞ்ஞானம் இப்படித்தான் இருக்கும்.

நம் கையில் உள்ள ஆயுதம்

ஏகபோகத்தை எதிர்த்து நாம் என்ன செய்ய முடியும் என்று சோர்ந்துவிட வேண்டியதில்லை. நம் நாடு செய்து காட்டியிருக்கிறது.

1970ம் வருஷக் காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்கே காப்புரிமை கிடையாது என்றது. அதைச் செய்யும் முறைக்கு மட்டும் கொடுத்தது. அதனால்தான் நம் கம்பெனிகள் எழுந்து நின்று மலிவாக மருந்து செய்தன. உலக வர்த்தக ஸ்தாபனத்தின் நிர்ப்பந்தத்தால் 2005ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அப்போது இடதுசாரிக் கட்சிகள் பாராளுமன்றத்தில் வற்புறுத்திச் சில பாதுகாப்புகளைப் பெற்றன. அவற்றில் முக்கியமானது 3(டி) பிரிவு. தெரிந்த மருந்துக்குப் புதுச் சட்டை போட்டு வந்தால், மேலான குணம் இருக்கிறது என்று காட்டாமல் காப்புரிமை கிடையாது என்கிறது அது.

அந்த ஆயுதத்தின் கூர்மை சென்னையில்தான் முதலில் தெரிந்தது. ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு கிளிவெக் என்ற மருந்தை ஸ்விட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் கம்பெனி மாதம் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்கு விற்றது. ஹைதராபாத் நாட்கோ முதலான நம் கம்பெனிகள் அதே மருந்தை எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய்க்குக் கொடுத்தன. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நோவார்ட்டிஸின் மனுவைத் தள்ளியது. 3(டி) பிரிவே செல்லாது என்று அது சென்னை ஹைக்கோர்ட்டுக்குப் போயிற்று. 2007 ஆகஸ்டில் அங்கும் தோற்றது. 2013 ஏப்ரல் 1ம் தேதி சுப்ரீம் கோர்ட்டிலும் தோற்றது.

2012 மார்ச்சில் இன்னொரு வெற்றி. சிறுநீரகம், ஈரல் புற்றுநோய்களுக்கான சோராஃபெனிப் மருந்தை ஜெர்மனியின் பேயர் கம்பெனி மாதம் 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்க்கு விற்றது. காப்புரிமை இருந்தும், அதைச் செய்ய நாட்கோவுக்குக் கட்டாய லைசென்ஸ் கொடுக்கப்பட்டது. விலை 8,880 ரூபாய்! பேயருக்கு விற்பனையில் ஒரு பங்கு ராயல்டி. கம்பெனி அழியவில்லை, நோயாளி பிழைத்தான்.

நெஞ்சு நோயிலும் ஒரு வெற்றி உண்டு. கடுமையான காசநோய்க்கான பெடாகுயிலின் மருந்தின் காப்புரிமையை இன்னும் நீட்டிக்கக் கேட்ட ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனியின் மனு 2023 மார்ச்சில் மும்பையில் தள்ளப்பட்டது. எதிர்த்து நின்றவர்கள் யார்? காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள்! அந்த ஆண்டிலேயே உலகச் சந்தையில் அம்மருந்தின் விலை பாதிக்கும் கீழே இறங்கியது.

ஆனால் ஆயுதம் துருப்பிடிக்கிறது தோழர்களே! சோராஃபெனிப்புக்குக் கொடுத்த அந்தக் கட்டாய லைசென்ஸ்தான் முதலும் கடைசியும். 2024 மார்ச்சில் மத்திய சர்க்கார் காப்புரிமை விதிகளைத் திருத்தி, காப்புரிமை கொடுக்கும் முன் எதிர்ப்பு மனுப் போடுபவருக்குக் கட்டணமும் தடைகளும் வைத்தது. சோவியத் உதவியோடு 1961ல் ஏற்பட்ட பொதுத்துறை மருந்துக் கம்பெனியான ஐ.டி.பி.எல்.ஐ மூடுவதென்று 2016 டிசம்பரில் மந்திரிசபை முடிவு செய்தது. ஒரு பக்கம் வேலியை உயர்த்துகிறார்கள். மறுபக்கம் நம் சொந்தக் கிணற்றைத் தூர்க்கிறார்கள்.

நாம் கேட்பது

நம் கோரிக்கைகள் எளியவை.

3(டி) பிரிவில் கைவைக்கக் கூடாது. எந்த அந்நிய நாட்டு வர்த்தக ஒப்பந்தத்திலும் அதை அடகு வைக்கக் கூடாது. எதிர்ப்பு மனுவுக்குப் போட்ட தடைகளை நீக்க வேண்டும்.

அத்தியாவசியம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் பட்டியல் போட்ட புற்றுநோய் மருந்துகளும், நெஞ்சு நோய் மருந்துகளும் எட்டாத விலையில் இருந்தால், சர்க்கார் கட்டாய லைசென்ஸ் அதிகாரத்தைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும்.

பொதுத்துறை மருந்து ஆலைகளுக்குப் புத்துயிர் கொடுக்க வேண்டும். ஜனங்களின் பணத்தில் நடந்த ஆராய்ச்சியில் பிறந்த மருந்தில் ஜனங்களுக்குப் பங்கு வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நோய் பிறக்கும் இடத்திலேயே அதைத் தடுக்க வேண்டும். நெஞ்சில் அடைந்த பஞ்சை எந்த மருந்தும் திருப்பி எடுக்காது. தூசியை உறிஞ்சும் சாதனம் ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்பது யூனியனின் வேலை. நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டுமல்ல, காண்டிராக்ட் தொழிலாளிக்கும், ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்ணுக்கும் வருஷந்தோறும் ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை வேண்டும். பிஸினோசிஸ் கண்டவருக்கு நஷ்டஈடு வேண்டும்.

சுரங்கத் தொழிலாளியின் மகன் ஒருவர் தம் அறிவை உலகத்தின் மூச்சுக்காகச் செலவிட்டார். அந்த மூச்சை ஏகபோகம் ஏலம் போடுகிறது. பஞ்சாலைத் தொழிலாளியின் நெஞ்சு எந்தக் கம்பெனியின் பள்ளத்தையும் தூர்க்கும் மண் அல்ல. மில் கேட் கூட்டங்களிலும், கிராமத்துச் சங்கக் கூட்டங்களிலும் இதைப் பேசுங்கள். கூலி உயர்வைக் கேட்கும் அதே குரலில், மருந்தையும் தூசியற்ற காற்றையும் கேளுங்கள். இவை தர்மம் அல்ல, உழைப்பவனின் உரிமை!